நீச்சலில் வேகம் எங்கிருந்து வருகிறது?



நமது ஞாயிறு நீச்சல் வகுப்பு ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. நான் முழுநேரப் பயிற்றுநர் இல்லை. வார நாளில் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை. ஞாயிறு காலை ஏழரைக்கு நகராண்மைக் கழகக் குளத்தில் உங்கள் தம்பி தங்கைகளோடு நிற்பேன். இந்த மாதப் பாடத்தை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டபோது, வகுப்பில் அடிக்கடி என் காதில் விழும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டேன். "அண்ணே, நானும் அதே அளவுதான் பயிற்சி செய்யறேன். அவன் மட்டும் எப்படி வேகமா போறான்?"

பதிலை நான் புத்தகத்தில் படித்தேன், கொஞ்சம் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பிலும் கற்றேன். ஆனால் உண்மையாகப் புரிந்தது ஒரு தப்பு செய்த பிறகுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இரண்டாம் படிவம் படித்தபோது பள்ளி நீச்சல் அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஆசிரியர் எங்களைச் சுவரோரம் நிற்க வைத்து டேப்பால் உயரம் அளந்தார். நான் 149 செ.மீ. தண்ணீரில் இறங்கச் சொல்லவே இல்லை. "நீ பெண்டெக். ஓட்டத்துக்குப் போ" என்றார். குட்டை என்று மலாயில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பதினேழு வயதில் நான் 174 செ.மீ. ஆனேன், ஆனால் அதற்குள் நான்கு வருடம் குளத்துப் பக்கமே போகவில்லை.

இது நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வருடம், அதே காரியத்தை நானே செய்தேன்.

கிளைகளுக்கு இடையே ஒரு சிநேகிதப் போட்டி. நாலு பேர் ரிலே, ஆளுக்கு 50 மீட்டர். மூன்று பேர் உறுதி. நான்காவது இடத்துக்கு இரண்டு தம்பிகள், ரெண்டு பேருக்கும் பதின்மூன்று வயது. ஒருவன் 170 செ.மீ., மீசை அரும்ப ஆரம்பித்துவிட்டது. இன்னொருவன் 148 செ.மீ., குரல் கூட உடையவில்லை. நான் கடிகாரத்தை எடுக்காமலே நெட்டையனின் பெயரை எழுதினேன். சின்னவனின் அம்மா மோட்டார் சைக்கிளில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு அவனை அழைத்து வருபவர். "தம்பி, அவனும் நல்லாத்தானே நீந்துறான்?" என்று கேட்டார். "கொஞ்சம் வளரட்டும்கா, அடுத்த வருஷம் பாப்போம்" என்றேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

அடுத்த ஞாயிறு ரெண்டு பேரையும் கடிகாரம் வைத்து நீந்த விட்டேன். 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: நெட்டையன் 18.5 வினாடி, சின்னவன் 19.6 வினாடி. நான் நினைத்தது சரி என்றுதானே தோன்றும்? 50 மீட்டர்: நெட்டையன் 43, சின்னவன் 41. 100 மீட்டர்: நெட்டையன் 1 நிமிடம் 36, சின்னவன் 1 நிமிடம் 29. ரிலேயில் ஆளுக்கு 50 மீட்டர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏன் இப்படி? பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

தண்ணீர் காற்று இல்லை

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. ஓட்டப்பந்தயத்தில் பலம் கூடினால் வேகமும் கூடும், கணக்கு ஓரளவு நேர். நீச்சலில் அப்படி இல்லை. நீங்கள் வேகமாகப் போகப் போக, தண்ணீர் உங்களைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது.

எண்ணில் பார்ப்போம். 50 மீட்டரை 50 வினாடியில் நீந்துபவரின் சராசரி வேகம் வினாடிக்கு 1 மீட்டர். அவர் 42 வினாடிக்கு இறங்க ஆசைப்படுகிறார். அது வினாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர். வேகம் 20 விழுக்காடுதான் கூடியது. ஆனால் தடை 1.2 × 1.2 = 1.44 மடங்கு. தேவையான திறன் 1.2 × 1.2 × 1.2, அதாவது கிட்டத்தட்ட 1.73 மடங்கு. ஒரே வருடத்தில் தன் பலத்தை 73 விழுக்காடு கூட்டக்கூடிய பதினான்கு வயதுப் பையன் யார்? யாருமில்லை. ஆனால் தலையைச் சரியான இடத்தில் வைத்து, கால் மூழ்காமல் பார்த்துக்கொண்டால் தடையைக் குறைக்கலாம். அதற்குத் தசை தேவையில்லை, கவனம் போதும்.

ஆகவே என் வகுப்பில் முதல் மூன்று மாதம் யாருக்கும் "வேகமா போ" என்று சொல்வதில்லை. "தண்ணிய தொந்தரவு பண்ணாம போ" என்றுதான் சொல்வேன். தண்ணீர் எவ்வளவு தெறிக்கிறதோ அவ்வளவு சக்தி வீண்.

நெட்டையன் 25 மீட்டருக்கு 29 கை போட்டான். சுவரைத் தள்ளியதும் 3 மீட்டரிலேயே கையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். மீதி 22 மீட்டருக்கு 29 கை என்றால், ஒரு கைக்கு 0.76 மீட்டர். சின்னவன் சுவரைத் தள்ளி 5 மீட்டர் அம்பு மாதிரி சறுக்கினான். மீதி 20 மீட்டருக்கு 23 கை. ஒரு கைக்கு 0.87 மீட்டர். இருபத்திரண்டு செ.மீ. குட்டையானவன் ஒவ்வொரு கைக்கும் பதினொரு செ.மீ. அதிகம் போகிறான்.

நீச்சல் வேகத்துக்கு ஒரே ஒரு சூத்திரம் நினைவில் இருந்தால் போதும்: ஒரு கைவீச்சில் போகும் தூரம் × நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு. நெட்டையன் இரண்டாவதை மட்டும் நம்பினான். முதல் 25 மீட்டருக்கு அது தாங்கும். தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் உடனடிச் சக்தி அதற்குப் போதும். அதன் பிறகு மூச்சு வாங்கும், முழங்கை தாழும், இடுப்பு இறங்கும், தடை கூடும். தடை கூடியதால் இன்னும் வேகமாகச் சுற்றுவான். சுழல் மாதிரி இழுத்துக்கொண்டே போகும். மேலும், வளரும் பிள்ளைகளுக்கு ஆக்சிஜன் இல்லாமல் சக்தி எடுக்கும் திறன் பெரியவர்களைவிடக் குறைவு. அதனால் பதின்மூன்று வயதில் சிக்கனமாக நீந்துபவனுக்கே லாபம்.

உடம்பு தரும் வரம், உடம்பு தரும் தொல்லை

உயரம் உதவாது என்று நான் சொல்லவில்லை. உதவும். நீளமான உடம்பு தண்ணீரில் குறைந்த அலையை எழுப்பும். நீளமான கை அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். சுவரையும் முதலில் தொடும். மைக்கல் ஃபெல்ப்ஸ் 193 செ.மீ. உயரம், இரு கையையும் விரித்தால் 201 செ.மீ. என்பார்கள். ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கில், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல் இறுதியில், 184 செ.மீ. உயரமுள்ள சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 வினாடியில் வந்து தங்கம் வாங்கினார். ஃபெல்ப்ஸ், சாட் லே குளோஸ், லாஸ்லோ சே மூவரும் ஒரே நேரத்தில், 51.14 வினாடியில், அவருக்குப் பின்னால் சுவரைத் தொட்டு மூன்று பேரும் வெள்ளியைப் பகிர்ந்தார்கள். அந்தக் காணொளியை மறுபடி பாருங்கள். முதல் 50 மீட்டரிலேயே ஸ்கூலிங் முன்னால் இருக்கிறார். ஜப்பானின் கொசுகே கித்தாஜிமா 178 செ.மீ.தான். 2004, 2008 ரெண்டு ஒலிம்பிக்கிலும் 100, 200 மீட்டர் தவளை நீச்சல் தங்கம் அவருக்கே.

பதின்ம வயதில் உயரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. யார் எப்போது வளர்கிறார்கள் என்பது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். இது சராசரி. ஒரே வகுப்பில் படிக்கும் ரெண்டு பையன்களின் உடல் வளர்ச்சியில் மூன்று நான்கு வருட வித்தியாசம் இருக்கலாம். அதோடு, நம் நாட்டில் பள்ளிச் சேர்க்கை ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று கணக்கு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கிறார்கள், ஆனால் ஒருவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் பெரியவன். பன்னிரண்டு வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

போட்டி நடத்துகிறவர்களும், என்னைப் போன்ற அரைகுறைப் பயிற்றுநர்களும், பல சமயம் திறமையை அளப்பதாக நினைத்துக்கொண்டு பிறந்த மாதத்தையும் மீசையையும் அளக்கிறோம்.

நெட்டையனுக்கும் ஒரு கதை இருக்கிறது. அவனையும் நான் பாதியில் விட்டுவிடக் கூடாது. இந்த வருட ஆரம்பத்தில் அவன் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூட ஆரம்பித்தது. 50 மீட்டர் 43லிருந்து 45க்குப் போனது. "அண்ணே, நான் முடிஞ்சேன்ணே" என்று உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதான். ஏழு மாதத்தில் அவன் கையும் காலும் பல செ.மீ. நீண்டுவிட்டன. முதலில் எலும்பு நீளும், தசை பின்னால்தான் வரும். நேற்று வரை பழகிய கை இன்று வேறு நீளம். மூளை அதை மறுபடி படிக்க வேண்டும். இந்தக் காலத்தில் நேரம் நின்றுபோவது சகஜம். பின்னோக்கிப் போவதும் சகஜம். கடிகாரத்தை ரெண்டு மாதம் பூட்டி வைத்தேன். கை எண்ணிக்கை மட்டும் எண்ணச் சொன்னேன். 29 இப்போது 24.

இனி, உடம்பில் நீங்களே சோதித்துப் பார்க்கக்கூடிய சில விஷயங்கள்.

கணுக்கால். தரையில் காலை நீட்டி உட்காருங்கள். பாதத்தை முன்னால் வளைத்து, கட்டைவிரலைத் தரைப் பக்கம் கொண்டு போங்கள். எவ்வளவு தூரம் போகிறது? காலால் தள்ளும் தண்ணீர் பின்னால் போக வேண்டுமானால் பாதம் துடுப்பு மாதிரி வளைய வேண்டும். பந்து விளையாடும் பையன்களுக்குக் கணுக்கால் இறுகிப்போயிருக்கும். எங்கள் வகுப்பில் ஃபுட்சால் வீரர் ஒருவர் இருக்கிறார், வயது பத்தொன்பது, தொடை ரெண்டும் தேக்கு மரம். கிக் போர்டைக் கொடுத்து உதைக்கச் சொன்னால் அசையாமல் நிற்பார். ஒரு நாள் பின்னால் போனார்! சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். இப்போது தினம் இரவு டிவி பார்க்கும்போது குதிகால் மேல் உட்கார்ந்து பாதத்தை நீட்டுகிறார். முட்டியில் வலி உள்ளவர்கள் அப்படி உட்கார வேண்டாம், கையால் வளைத்துக்கொண்டால் போதும்.

மிதப்பு. "நம்ம ஆளுங்களுக்கு எலும்பு கனம், நமக்கு நீச்சல் வராது" என்று எத்தனை பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? அதை நம்பி எத்தனை பிள்ளைகள் குளத்தில் கால் வைக்காமலே இருக்கிறார்கள்! உண்மை என்னவென்றால், காற்று நிறைந்த நெஞ்சு எல்லாருக்கும் மிதக்கும், தசையும் எலும்பும் உள்ள கால் எல்லாருக்கும் தாழும். ஒல்லியான, தசைப்பிடிப்பான பையன்களுக்கு இன்னும் தாழும், எந்த இனமாக இருந்தாலும். பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக இடுப்பும் காலும் சுலபமாக மேலே நிற்கும். இதற்கு மருந்து தலையில் இருக்கிறது. தலையைத் தூக்கி முன்னால் பார்த்தால் இடுப்பு இறங்கும், ஏற்றப்பலகை மாதிரி. கண் குளத்தின் தரையைப் பார்க்கட்டும், கழுத்து நேராக இருக்கட்டும், நெஞ்சை லேசாகத் தண்ணீரில் அழுத்துங்கள். கால் தானாக மேலே வரும். கால் ஒரு சாண் மேலே வந்தால், தண்ணீரை முட்டும் உங்கள் முகப்பு அவ்வளவுக்குக் குறைந்துவிடும்.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் வராது என்பவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2023இல் கோலாலம்பூரில் நடந்த வயதுப் பிரிவு நீச்சல் போட்டியில், நடிகர் மாதவனின் மகன் வேதாந்த் இந்தியாவுக்காக ஐந்து தங்கம் வாங்கினார். 50, 100, 200, 400, 1500 மீட்டர். நம் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் நடந்த விஷயம்.

மூச்சு. தொடக்கநிலையில் இருப்பவர்கள் தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்த அரை வினாடியில் விடவும் இழுக்கவும் பார்ப்பார்கள். அது முடியாத காரியம். நெஞ்சில் கரியமிலவாயு சேரும், பதற்றம் வரும், தலை தூக்கும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருங்கள். வாயைத் திருப்பும்போது இழுக்க மட்டும்தான் வேலை.

யோகா வகுப்புக்குப் போகும் தம்பிகளுக்கு இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. மூச்சுப் பயிற்சியைத் தரையில் செய்யுங்கள், நல்லது. ஆனால் குளத்தோரம் நின்று வேக வேகமாக மூச்சு இழுத்துவிட்டு, "யார் அதிக நேரம் அடியில் இருக்கிறது" என்று பந்தயம் கட்டாதீர்கள். வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு குறைந்துபோகும். மூச்சு வேண்டும் என்று உடம்பு கேட்பதே அந்த வாயுவை வைத்துத்தான். கேட்கும் மணி அடிக்காமலே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள். சத்தம் வராது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். என் வகுப்பில் இந்தப் பந்தயம் கட்டினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், யார் பிள்ளையாக இருந்தாலும்.

சுவர் இலவசமாகத் தரும் வேகம்

குதித்துத் தொடங்குவதை விட்டுவிட்டால், குளத்தில் நீங்கள் மிக வேகமாகப் போகும் தருணம் எது? கை போடும்போது இல்லை. சுவரைக் காலால் உதைத்த அந்தக் கணம்தான். ஒலிம்பிக் வீரருக்கும் அப்படித்தான். அந்த வேகத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் நாம் செய்யும் காரியம். கையை அகல விரித்து, தலையைத் தூக்கி, உடனே சுற்ற ஆரம்பிக்கிறோம்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு உள்ளங்கை மேல் இன்னொரு கை, மேல் கையின் கட்டைவிரல் கீழ்க்கையைப் பூட்டட்டும். ரெண்டு புயமும் காதுக்குப் பின்னால் நெருக்கமாக. வயிறு உள்ளே. சுவரைத் தள்ளும்போது அரை மீட்டருக்கு மேல் ஆழத்தில் போங்கள், ஏனென்றால் மேற்பரப்பில் அலை எழுப்பும் தடை அங்கே குறைவு. வேகம் உங்கள் நீச்சல் வேகத்துக்கு இறங்கும்போது முதல் கையைப் போடுங்கள். முன்னால் போட்டாலும் நஷ்டம், பின்னால் போட்டாலும் நஷ்டம்.

25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்தினால் ஒரு தொடக்கம், மூன்று திருப்பம். ஒவ்வொரு முறையும் 5 மீட்டர் நன்றாகச் சறுக்கினால் 20 மீட்டர். ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு கை கூடப் போடாமல்! உயரமோ பலமோ இதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. டால்ஃபின் உதையில் நன்றாகத் தேறியவர்கள் இன்னும் தூரம் போவார்கள். ஆனால் ஃப்ரீஸ்டைல், மல்லாக்கு, வண்ணத்துப்பூச்சி மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்தாக வேண்டும் என்பது விதி. தவளை நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சியிலும் திரும்பும்போது ரெண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். பள்ளிப் போட்டிகளில் நம் பிள்ளைகள் தோற்பதைவிட இந்த ஒரு விதியில் தகுதி இழப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குதிக்கும் பயிற்சி பற்றி ஒன்று. தொடக்க மேடை உள்ள குளத்தில் அந்த இடத்தின் ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்று அனைத்துலக விதி சொல்கிறது. பழகாதவர்களுக்கு அதுவும் போதாது என்பது என் கருத்து. ஆழமில்லாத குளத்தில் தலைகீழாகக் குதித்து கழுத்து உடைந்தால், பிறகு எந்தப் பயிற்சியும் இல்லை.

தங்கைகளைப் பற்றி

வகுப்பில் என் கணக்குப்படி மிகச் சுத்தமாக நீந்தியவள் ஒரு பெண் பிள்ளை. மல்லாக்கு நீச்சலில் தலைமேல் தண்ணீர் பாட்டிலை வைத்தால் விழாது, அப்படி ஒரு நிதானம். பதினான்கு வயதில் நின்றுவிட்டாள். முதலில் வயதுக்கு வந்த பிறகு இடுப்பு அகன்று, எடை கூடி, பழைய நேரம் வரவில்லை. அது அவள் குற்றமில்லை, ஆண் பிள்ளைகளின் கை நீளும் கதை போலத்தான் இதுவும். உடம்பு புதிய வடிவத்துக்குப் பழக ஒரு வருடம், ரெண்டு வருடம் ஆகும். அதற்குள் "குண்டாயிட்டே" என்று யாரோ சொன்னார்கள். சாப்பாட்டைக் குறைத்தாள். சோர்வு வந்தது. வளரும் பெண்ணுக்கு இரும்புச் சத்து அதிகம் வேண்டும், மாதவிடாய் தொடங்கிய பிறகு இன்னும் வேண்டும். காரணம் தெரியாத சோர்வு தொடர்ந்தால் கிளினிக்கில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கீரை, பருப்பு, கச்சான், கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் எனக்கு அப்போதே சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு அத்தை சொன்னாராம், "வெயில்ல நீந்தி நீந்தி கறுத்துப் போயிட்டா, நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?" அதன் பிறகு வரவில்லை. அவள் அப்பாவை ரெண்டு முறை போய்ப் பார்த்தேன். தேநீர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பிள்ளை வரவில்லை. கணுக்காலைப் பற்றியும் கைவீச்சைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பதினான்கு வயதுப் பெண்ணின் வேகத்தை அதிகமாகக் குறைப்பது சில வீட்டுக் கூடங்களில் நடக்கும் பேச்சுதான். இப்போது மகளிர் வகுப்பை ஒரு அக்கா பார்த்துக்கொள்கிறார். முழுக்கை நீச்சல் உடை போடலாம், காலை எட்டரைக்குள் முடித்துவிடுகிறோம், மாதவிடாய் நாட்களில் வரலாமா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யலாம். எண்ணிக்கை ஐந்திலிருந்து பதினொன்றாகியிருக்கிறது.

சில சில்லறை விஷயங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். தொப்பி வழுக்கி வழுக்கி நானும் நீங்களும் சேர்ந்து அவதிப்படுகிறோம், குளத்துக்காரர் வேறு என்னைத் திட்டுகிறார். தைப்பூச விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த நாட்களில் நீண்ட தூரம் கொடுக்க மாட்டேன், நுட்பப் பயிற்சி மட்டும் செய்யலாம். தோள் வலித்தால் மறைக்காதீர்கள். கையில் மாட்டும் பெரிய பேடில் வாங்கித் தரும்படி வீட்டில் கேட்காதீர்கள், பதினைந்து வயதுக்குள் இருப்பவர்களின் தோளுக்கு அது வேண்டாத சுமை. அந்தக் காசில் நல்ல கண்ணாடி ஒன்று வாங்குங்கள்.

சின்னவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ரிலேக்குப் பிறகு மூன்று வாரம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு அவனிடம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். இப்போது வருகிறான். இன்னும் 151 செ.மீ.தான். 100 மீட்டர் 1 நிமிடம் 24. என்னோடு அதிகம் பேசுவதில்லை, நெட்டையனோடு நன்றாகப் பேசுகிறான். போன வாரம் நெட்டையனுக்குச் சுவரைத் தள்ளிச் சறுக்குவது எப்படி என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்று, 25 மீட்டருக்கு எத்தனை கை. ரெண்டு, அதே 25 மீட்டருக்கு எத்தனை வினாடி. இரண்டையும் கூட்டினால் வருவதே உங்கள் சிக்கன எண். நெட்டையனுக்கு அப்போது 47.5, சின்னவனுக்கு 42.6. மூன்று, சுவரைத் தள்ளிவிட்டுக் கையும் காலும் அசைக்காமல் எத்தனை மீட்டர் சறுக்குகிறீர்கள். நான்கு, நீங்கள் பிறந்த மாதம். உயரத்தை எழுத வேண்டாம்.